வால் நறுக்கிய குதிரை

கசாக் புல்வெளியின் நடுப்பகல் வெயிலில் அண்டா கொதிக்கிறது. ஒமிர்சாக் செத்த அன்றே, துக்கத்துக்கு அடையாளமாக, அவன் குதிரையின் வாலை நறுக்கிவிட்டார்கள். இன்று அவனுக்கு வருஷ நினைவு விருந்து. அந்தக் குதிரையையே அறுத்து ஊருக்குப் போட வேண்டுமாம், வழக்கமாம். மொட்டை வாலை ஆட்டி ஆட்டி அது ஈயோட்டப் பார்க்கிறது, ஈ போவதாயில்லை. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் ஒமிர்சாக்கின் மனைவி குல்யாஷ். எதிரே, சட்டைக் கையை மடித்துவிட்டுக் கத்தியோடு நிற்கிறான் கொழுந்தன் பல்தபாய். “விடுங்க அண்ணி. குதிரைக்கறி திங்காத ஆளா நீங்க?” “தின்னவதான். இன்னமும் திம்பேன். ஆனா உங்கண்ணன் மாசக்கணக்கா படுத்துக் கிடந்தப்ப, ஜன்னல்ல தலைய விட்டு எட்டிப் பாத்தது இது. நீ எட்டிப் பாத்தியாடா?” “அண்ணன் மேல பாசமே இல்லையான்னு ஊரு காறித் துப்பும், அண்ணி.” “பாசமா? அப்ப உன் குதிரைய அறு!” வேலியோரம், வெள்ளி பதித்த சேணத்தோடு நிற்கிறது பல்தபாயின் பந்தயக் குதிரை. தின்ன வந்த கூட்டம் மொத்தமும் அதைத் திரும்பிப் பார்க்கிறது. விறுவிறுவென்று நடந்துபோய், கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, தன் குதிரைக்கு முன்னால் மறித்துக்கொண்டு நிற்கிறான் பல்தபாய்.