மூன்று மணி வெயில்

பூங்காவில் அவர்களைத் தவிர யாரும் இல்லை. நெடுமாறனுக்கு அது வசதியாகப் பட்டது. எதற்கும் வரிசையில் நிற்க வேண்டாம்.

கத்திரி வெயிலில் ஐந்து மணிக்கு முன்னால் யாரும் பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டி வரமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. மனைவி மர்த் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் மகள் ஏமாவும்தான் உள்ளே போவார்கள். அவன் வாசலில் ஸ்கூட்டர் மீது உட்கார்ந்து பேப்பர் படிப்பான்.

மர்த் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள்.

சாவுக்கு வந்த அவளுடைய அக்கா பொலின், செவ்வாய்க்கிழமை பாரிசுக்குத் திரும்புகிறாள். ஏமாவைத் தன்னோடு அனுப்பிவிடச் சொல்லிக் கேட்டாள். அம்மா வழியில் பிள்ளைக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது. சம்மதத் தாளில் அப்பாவின் கையெழுத்து மட்டும் பாக்கி.

அவன் முடியாது என்றான். ஒரு வாரமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"சரி தம்பி, இன்னைக்கு ஒரு பொழுது நீயே தனியா வச்சிருந்து பாரு," என்று காலையில் பொலின் சொன்னாள். "அஞ்சு மணிக்குப் பூங்காவுக்கு வர்றேன். புள்ள மூஞ்சப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

அவன் ஏமாவைக் குளிப்பாட்டினான். நெல்லித்தோப்பு ஓட்டலில் இட்லி வாங்கி ஊட்டினான். இரட்டைப் பின்னல் போட்டான். ஒன்று காதுக்கு மேலே நின்றது, இன்னொன்று கழுத்தில் கிடந்தது. பரவாயில்லை என்று ஏமா சொன்னாள். அவளுக்கு ஐந்து வயது.

தகரச் சறுக்குமரத்தின் உச்சியில் ஏறி நின்று, அவள் அவனைப் பார்த்தாள். எதற்கோ காத்திருப்பதுபோல் இருந்தது.

"பயப்படாத, வா. அப்பா புடிச்சிக்கிறேன்."

அவள் உட்கார்ந்தாள். கவுன் மேலே ஏற, மெதுவாக, விட்டுவிட்டு இறங்கி வந்தாள். சத்தமே இல்லை. கீழே வந்ததும் எழுந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"சுட்டுச்சா?"

"ஒண்ணுமில்லப்பா."

அவன் சிரித்தான். நாற்பத்தொரு நாளில் முதல் தடவை. ஏமா அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி?"

அவள் ஏறினாள். மூன்று தடவை ஏறினாள்.

நான்காவது தடவை ஏறும்போது, மர நிழலில் சருகு கூட்டிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பூங்காவில் துப்புரவு வேலை செய்பவள்.

"என்னா சார், இந்நேரத்துல ஏத்தி வுட்டுருக்க? தோசக்கல்லாட்டம் இருக்கு, கைய வச்சிப் பாரு!"

அவன் வைத்தான். உடனே எடுத்தான்.

"புள்ளயோட அம்மா, அந்தக்கா, ஒரு பாட்டில் தண்ணிய ஊத்தி, முந்தானையால தொடச்சி, மொதல்ல அது சறுக்கிட்டு வந்துதான் புள்ளய வுடும். அஞ்சரை மணிக்குக்கூட அப்பிடித்தான். நீ பாத்ததில்ல?"

அவன் ஏமாவைத் தூக்கி இறக்கிக் கவுனை விலக்கிப் பார்த்தான். இரண்டு தொடையின் பின்புறமும் செக்கச்செவேல் என்றிருந்தது. இடது தொடையில் ஒரு கொப்புளம், நாலணா அளவுக்கு.

குழாயில் முதலில் வெந்நீர்தான் வந்தது. குளிர்ந்த தண்ணீர் வரும்வரை மூன்று பேரும் வெயிலில் காத்து நின்றார்கள். அப்புறம் சின்னப்பொண்ணு தன் துண்டை நனைத்து நனைத்து வைத்தாள். ஏமாவின் கண்ணைத் துடைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

ஏமா அப்பாவின் காதருகே வந்தாள்.

"பெரியம்மாகிட்ட நான் சொல்லமாட்டேம்ப்பா."

ஐந்து மணிக்குக் கடற்காற்று எழுந்தது. பூங்கா நிறைந்துவிட்டது. பொலின் ஆட்டோவிலிருந்து இறங்குவதைக் கண்டதும் ஏமா ஓடினாள். சிரித்துக்கொண்டே ஓடினாள். ஊஞ்சலைப் பற்றிச் சொன்னாள், அணிலைப் பற்றிச் சொன்னாள், அப்பா போட்ட பின்னலைத் திரும்பித் திரும்பிக் காட்டினாள்.

"யார்டா போட்டா இத? ஒண்ணு கெழக்கப் பாக்குது, ஒண்ணு மேற்கப் பாக்குது!" பொலினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு அழுகை வந்தது. கைப்பையைத் திறந்து, நான்காக மடித்திருந்த சம்மதத் தாளை எடுத்தாள்.

"நான்தான் தப்பா நெனச்சிட்டேன் தம்பி. புள்ள உன்கூடத்தான் இப்பிடி சிரிக்கிறா. இது வேணாம். நான் தனியாவே போறேன்."

நெடுமாறன் தலையசைத்தான். ஒரு வாரமாக அவன் கேட்டது இதைத்தான்.

பொலின் கல் பெஞ்சில் உட்கார்ந்து மடியைத் தட்டினாள்.

"வா, பெரியம்மா மடியில ஒக்காரு."

"நிக்கிறேன் பெரியம்மா."

ஏமா நின்றாள். சிரித்த முகம் அப்படியே இருந்தது. இடது கை மட்டும் கவுனின் பின்பக்கத்தைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது.

மர்த்தைச் சேர்த்த அன்று பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், எத்தனை நாளாக வலி என்று. முந்தாநாளிலிருந்து என்று நெடுமாறன் சொன்னான். கட்டிலில் கிடந்த மர்த், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, ஆறு மாசமா இருக்கு என்றாள்.

அந்த ஆறு மாதமும் அவன் கேட்காமல் இல்லை. சமைக்கும்போது அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒவ்வொரு முறையும் கேட்டான். அவளும் ஒவ்வொரு முறையும் சிரித்தாள். ஒண்ணுமில்லங்க என்றாள். அவன் திரும்பப் போய் டிவி பார்த்தான்.

பொலின் தாளைக் கிழிப்பதற்காக விரித்தாள்.

"கிழிக்காதீங்கக்கா," என்றான் நெடுமாறன். "பேனா இருக்கா?"