வாய்தா நாள்

"அந்தப் பாவி வந்துட்டானா?"

பாளையங்கோட்டை கோர்ட்டு வராந்தாவில் ஏறியதும் தங்கத்தாய் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஆழ்வார்திருநகரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். கூட வந்த மூத்த மகன் கணேஷ்ராம், "மாமன் மூஞ்சியில முழிச்சா நாளு வெளங்காது" என்று முணுமுணுத்தபடி டீ குடிக்கப் போய்விட்டான்.

பாவி என்றது கூடப்பிறந்த தம்பி ஐயம்பெருமாளை. அப்பா விட்டுப்போன தச்சநல்லூர் வீட்டில் பாகம் பிரிக்கச் சொல்லி அவன் எழுபத்தேழில் போட்ட வழக்கு, பத்தொன்பது வருஷமாக நடக்கிறது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து கிடையாது. தங்கத்தாயின் புருஷன் இறந்தபோது கேதத்துக்கு வந்து நின்ற ஐயம்பெருமாளை, அவள் பிள்ளைகள் தெருவோடு திருப்பி அனுப்பினார்கள்.

நடுவில் இரண்டு தடவை சமரசம் கையெழுத்து வரை வந்தது. இரண்டு தடவையும் பேனாவைக் கீழே வைத்தவள் தங்கத்தாய்தான்.

"நீங்க வர வேண்டாம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்று வக்கீல் பாலசுப்பிரமணியன் எத்தனையோ முறை சொல்லியும் அவள் ஒரு வாய்தாவைத் தவறவிட்டதில்லை. தம்பிக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தால், கோர்ட்டு கலையும்வரை அவன்மேல் வைத்த கண்ணை எடுக்கமாட்டாள். 'பார்வையாலயே எரிச்சிருவா போல' என்று குமாஸ்தாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

இன்று எதிர் பெஞ்சு காலி.

வக்கீல் சிரித்துக்கொண்டே வந்தார். "ஒங்க தம்பி இனி வரமாட்டாரும்மா. கேஸு முடியுத வரைக்கும் பொறுக்க முடியலையாம். அவரு பாகத்தைச் சிமெண்டு யாவாரி ஒருத்தருக்கு வித்துட்டாரு. அதுவும் பாதி வெலைக்கு."

"பாதி வெலைக்கா? ஏன்?"

"'எங்க அக்கா மொகத்துல இனி முழிக்காம இருந்தாப் போதும்'னாராம்."

தங்கத்தாய் திரும்பி அந்தக் காலி பெஞ்சைப் பார்த்தாள்.

"நமக்கு நல்லதுதாம்மா. வாங்குனவரு அசலாரு. குடும்ப வீட்டுக்குள்ள அசலாரை விடக்கூடாதுன்னு மனு போடுவோம். கோர்ட்டு சொல்லுத வெலையக் கட்டிட்டா, வீடு முழுக்க ஒங்களுக்குத்தான். நாம செயிச்ச மாதிரி! எதுக்கும்மா கண்ணு கலங்குதிய?"

மகன் வருகிறானா என்று வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வக்கீலுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"இனி என் தம்பிய நான் எங்கன வச்சுய்யா பாப்பேன்?"