ஒரு பக்கம் சிவப்பு

"எங்கப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் சார். சின்ன வயசுலேருந்து இந்த மாதிரி காருக்கு ஏங்கினவரு. சொல்லாமக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்தணும்."

சுதர்சன் சொன்னது அத்தனையும் பச்சைப் பொய். அவன் அப்பா திருவள்ளூரில் டவுன் பஸ்ஸைத் தவிர வேறெதற்கும் ஏங்கியதில்லை.

சுதர்சன் ஒரு சினிமா கம்பெனியில் ஆர்ட் அசிஸ்டென்ட். இன்று சாயங்காலம் நாலு மணிக்கு, இந்த ஊரில் தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் குவிந்து கிடக்கும் சயனைடு மேட்டின் உச்சியிலிருந்து வில்லனின் பழங்காலத்து ஸ்போர்ட்ஸ் கார் உருண்டு வெடிக்க வேண்டும். அந்தக் காரைத்தான் அவன் நாலு நாளாகத் தேடிக்கொண்டிருந்தான்.

அசல் வண்டியை யார் வெடிக்கக் கொடுப்பார்கள்? ஃபைபரில் வார்த்த நகல்தான் கதி. அதிலும் கம்பெனி கொடுத்த ஒன்றேகால் லட்சத்துக்கு அடிபட்ட பழசுதான் கிடைக்கும். ஓசூரில் பார்த்ததற்கு எஞ்சினே இல்லை. பெங்களூர்க்காரர் விஷயம் தெரிந்ததும் கேட்டைச் சாத்திவிட்டார்.

மிச்சம் இருந்தது ஆண்டர்சன்பேட்டையில் இந்த ஒன்றுதான். இதுவும் கைநழுவினால் தன் வேலையும் போய்விடும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்த முறை வாயில் அறுபதாம் கல்யாணம் வந்தது.

"உள்ள வாங்க தம்பி. ஷூவ மட்டும் அங்கயே தட்டிடுங்க" என்றாள் வீட்டுக்காரம்மா ரெபேக்கா. காலையில் அந்தச் சயனைடு மேட்டில் அலைந்ததில் ஷூ முழுக்கச் சாம்பல் நிற மண் அப்பியிருந்தது.

அவள் கணவர் ஆர்தர், மைன்ஸில் ஃபிட்டராக இருந்தவர், ஷெட்டில் தார்ப்பாயை உருவினார். சுவரோடு ஒட்டி நின்றது வண்டி. இரண்டே சீட், நீண்ட மூக்கு, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. சுதர்சனுக்கு ஒரு நிமிடம் மூச்சே வரவில்லை.

ஆசையை முகத்தில் காட்டாமல் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே உடம்பை நுழைத்து எட்டிப் பார்த்தான். வலது பக்கம் வெறும் பட்டிதான் பூசியிருந்தது.

"என்ன சார், இந்தப் பக்கம் பெயின்டே காணோம்?"

"இன்னா பண்றது தம்பி, ஒரு பக்கத்துக்குத்தான் கையில காசு இருந்துச்சு. எஞ்சின் பாருங்க. மாருதி வேன் எஞ்சின், நானே இறக்கி வெச்சது."

சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே மூச்சில் கிளம்பியது. அதே நேரம் பார்த்து சுதர்சனின் போனும் அலறியது. புரொடக்‌ஷன் மேனேஜர் இன்பராஜ்.

"வண்டி எங்கடா? வெளிச்சம் போச்சுன்னா நீயும் போன!" அந்தக் குரல் ஷெட் முழுக்கக் கேட்டது. சுதர்சன் போனைக் காதோடு அழுத்தி, அவசரமாக அணைத்தான்.

"யாரு தம்பி?"

"அ... அப்பா. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வரச் சொல்றாரு."

ஆர்தர் தலையை ஆட்டிக்கொண்டார். "ஒன்றரை லட்சம் குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க."

"ஒன்னேகால்தான் சார் இருக்கு. ஒரு பக்கத்துக்கு நான் வேற பெயின்ட் அடிக்கணும்."

ஆர்தர் பதில் சொல்வதற்குள் ரெபேக்கா மூக்கை உறிஞ்சினாள். பானெட்டை உள்ளங்கையால் தடவிக் கொடுத்தாள்.

"பத்து வருசமா சர்ச்சுக்கு இதுலதான் தம்பி போயிகினு வரோம். எங்களுக்குப் புள்ள குட்டி இல்ல, இதான் எல்லாம். காசு கெடக்குது. இது மேல கை வெச்சு சொல்லுங்க, கடைசி வரைக்கும் நல்லா பாத்துக்குவேன்னு."

சுதர்சன் கையை வைத்தான். எஞ்சின் சூட்டில் பானெட் வெதுவெதுப்பாக இருந்தது.

"கடைசி வரைக்கும்... கூடவே இருப்பேம்மா."

அதில் பொய்யில்லை. இதன் கடைசி நாலு மணிக்கு, அவனும் அங்கேதான் நிற்பான். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. பெங்களூர்க்காரர் கேட்டைச் சாத்திய சத்தம் ஞாபகம் வந்ததும் அப்படியே விழுங்கிக்கொண்டான்.

அந்தம்மாவின் கண்ணீருக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கம்பெனிப் பணத்தோடு, ரூம் அட்வான்ஸுக்கென்று வைத்திருந்த தன் சொந்த இருபத்தைந்தாயிரத்தையும் எடுத்து அவள் கையில் திணித்தான்.

"முழுசா வெச்சுக்கங்கம்மா. பெயின்ட்ட நான் பாத்துக்கறேன்."

ரெபேக்கா கண்ணை மூடி, பானெட் மேல் கை வைத்து முணுமுணுவென்று ஜெபம் பண்ணினாள். சுதர்சன் அவள் முகத்தைப் பார்க்காமல் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். மணி இரண்டே முக்கால். கேட்டைத் தாண்டிவிட்டால் போதும்.

முன் சக்கரம் தெருவில் இறங்கும்போது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"நில்லுங்க தம்பி! நில்லுங்க!"

சுதர்சனின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான். ஆர்தர் மூச்சிரைக்க ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டார். அவன் ஷூவில் மிச்சமிருந்த சாம்பல் மண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தார்.

"கேமராவ இடது பக்கமே வெக்கச் சொல்லுங்க தம்பி, போன படத்துக்கும் இதே மாதிரிதான் செஞ்சு குடுத்தேன்."