அபிஷேகம் இறங்கிய இடம்

கிறிஸ்தவ ராக் குழுவின் கடைசிக் கச்சேரி ஆல்பமாக வரவிருந்தது. ஒலிப்பதிவாளன் ரெக்ஸ்லின் டிரம்மர் ஆசீரைக் கூப்பிட்டு அந்த இடத்தைப் போட்டுக் காட்டினான். இறுதிப் பாட்டுக்கு முன் பாடகன் கிளாட்சன் ஜெபித்துக்கொண்டிருந்தான். "எங்கள் கிட்டாரிஸ்ட் எபநேசரைக் குடியிலிருந்து மீட்டருளும் ஆண்டவரே." மைதானமே கண்ணை மூடிக் கைகளை உயர்த்தி நின்ற நேரம் அது. ஊரறியத் தன் மானம் போனதும் எபநேசர் கிட்டாரைக் கழற்றி இரு கையாலும் ஓங்கினான். கண் திறந்திருந்த ஆசீர் மட்டும்தான் அதைப் பார்த்தான்.

ஸ்பீக்கரில் முதல் அடி கேட்டது. தாடை உடைந்து கிளாட்சன் ஊளையிட்டான். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டதென்று கூட்டம் "ஆமென்" என்று அலறியது. அடுத்த அடி. அதற்கும் ஆமென். இன்னொன்று.

"வெட்டிரலாமாண்ணே?" என்றான் ரெக்ஸ்லின். "ஆனா உங்க டிரம்ஸும் சேர்ந்து போயிரும்."

ஆசீர் மறுபடி போடச் சொன்னான். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவன் டிரம் முழக்கம் உருண்டு ஏறியது. கிட்டார் இறங்கிய இடத்தில் சிம்பல் சரியாக விழுந்தது. அதன்பின் எபநேசர் ஓய்ந்துவிட்டான். டிரம் மட்டும் இன்னொரு முறை உருண்டு ஏறி, அடிக்காகக் காத்திருந்தது.