சிறகு மடக்கும் வரை

"சார், இது எந்த நாள்ல எடுத்த படம்?"

யூஜின் திரும்பினார். ஒரு மணி நேரமாக அந்த ஒரே படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்த பெண்தான் கேட்டாள். செருப்பைக் கண்காட்சி வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தாள்.

ஆள் உயரப் படம். கடலும் பனியும் கலந்த வெறும் வெள்ளை. கீழ் ஓரத்தில், இடிந்துபோன பழைய பாலத்தின் பாதி மூழ்கிய ஒற்றைத் தூண். அதன் உச்சியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு. அவ்வளவுதான்.

"என்ன சார், படத்துல ஒண்ணுமே இல்லையே?" என்று காலையிலிருந்து ஆளாளுக்குக் கேட்டு அவர் உயிரை வாங்கிவிட்டார்கள். அடுத்த வாரம் இந்தப் படம் ஜப்பானில் ஒரு கண்காட்சிக்குப் போகிறது. முப்பது வருடம் கேமராவும் கையுமாக அலைந்தவருக்கு முதன்முதலாகக் கிடைத்த மரியாதை. சொந்த ஊரில் ஒரே ஒருத்தராவது இதைப் புரிந்துகொள்ள மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தார்.

"காணும் பொங்கல் அன்னிக்கு விடியக்காலைல எடுத்தேன். பிள்ளைச்சாவடிக் கரை. பிடிச்சிருக்காம்மா?"

"எங்க ஊருதான் சார். எம்பேரு கன்னியம்மாள். எங்க வீட்டுக்காரரு கடல்ல போயிட்டாரு. ஒரே அலைதான், அவஸ்தைப்படாமப் போயிருப்பாருன்னு எல்லாரும் சொன்னாங்க. அத நெனச்சுதான் சோறே எறங்குது எனக்கு. இத எப்படி சார் எடுத்தீங்க?"

யூஜினுக்கு மனம் இளகிவிட்டது. துக்கத்தில் இருப்பவளுக்குத் தன் படம் ஆறுதல் தருகிறதே!

"இது ஜப்பான்காரங்க முறைம்மா. தேவையில்லாத எதுவுமே படத்துல இருக்கக் கூடாது. அதான் அந்த நாளாப் பாத்துப் போனேன். பண்டிகைன்னு யாரும் தொழிலுக்குப் போகல. கரைல ஒரு ஆள் கெடையாது, கடல்ல ஒரு படகு கெடையாது."

"அந்தக் கறுப்பு?"

"நீர்க்காகம். ரொம்ப தூரம், பனி வேற. சிறகை விரிச்சு விரிச்சு அடிச்சிக்கிட்டே இருந்தது. அப்ப எடுத்தா படம் கெட்டுடும். நான் அவசரப்படல. அது சிறகை மடக்கி அமைதியாகற வரைக்கும் காத்திருந்துதான் எடுத்தேன்."

"எவ்ளோ நேரம் சார்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்" என்றார் யூஜின் பெருமையாக.

கன்னியம்மாள் இன்னும் நெருங்கிப் போனாள். படத்தின் கண்ணாடி மேல் விரலை வைத்து அந்தக் கறுப்பை மெல்லத் தடவினாள்.

"போட்ட வலைய எடுத்தாரேன்னு அன்னிக்கு இவரு மட்டும் தனியாப் போனாரு சார். மத்தியானம் அந்தத் தூணுக்கு அடிலதான் பொணத்த எடுத்தோம். காலு ஒடஞ்சிருந்துச்சு. அலை தூக்கி அடிச்சதும் உசுரு போயிடுச்சுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்... நீங்க இத எடுக்கறப்ப, ஒங்களப் பாத்துக் கைய வீசி வீசி ஓஞ்சுபோயி, உசுரோடதான் ஒக்காந்திருக்காரு."