லயத்துச் சாவி

லயம் கையை விட்டுப் போகப் போகிறது. காரணம், பெற்ற மகள்.

கேரளத்துத் தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் லயம் என்றால் கம்பெனி கொடுத்த வீடு. வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. பொன்ராஜ் எப்போதோ ரிட்டையர் ஆகிவிட்டார். அவர் மனைவி பூமாரிக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. வீட்டில் இன்னொரு ஆள் கொழுந்து கிள்ளப் பெயர் கொடுத்தால் தங்கலாம். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த இன்னொரு ஆள் ஆனந்தி. ஒரே பிள்ளை. பெங்களூருக்கு வேலைக்குப் போனவள், வரமாட்டேன் என்கிறாள். அந்த ஊர் பிடித்துப்போய்விட்டதாம்.

"ஊரு பிடிச்சுப்போச்சாம்ல!" பக்கத்து வீட்டு பிலோமி வாசலில் நின்று சிரித்தாள். "பையனப் பிடிச்சுப்போச்சுன்னா அர்த்தம் இருக்கு. ஊரப் பிடிக்குமாக்கும்? பூமாரிக்கா, பிள்ள வளத்த லட்சணம் நல்லாருக்கு."

உள்ளிருந்து பூமாரி கத்தினாள்.

"போன்ல பேசிப் பேசி நாக்கு வறண்டு போச்சு. நேர்ல போங்க. முடியப் பிடிச்சு இழுத்துட்டு வாங்க!"

"ஏட்டி, நீயும் வாயேன்."

கட்டின நாளிலிருந்து 'ஏட்டி'தான். பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது.

"எனக்கு லீவு கிடையாது. நீங்க கிளம்புங்க."

பையைத் தூக்கினார். கனத்தது.

"ஒரு நாளைக்கு எதுக்கு இம்புட்டுத் துணி?"

"அங்க வேர்க்கும். மாத்திக்கிடணும்."

பெங்களூரில் இறங்கினார். மகள் காத்திருந்தாள்.

"கிளம்பு," என்றார்.

"முதல்ல சாப்பிடுங்கப்பா."

நின்றுகொண்டே தின்கிற கடை. எதிரே நின்றவன் சட்னிக் கிண்ணத்தை இவர் பக்கம் தள்ளினான். எந்த ஊர், எந்த லயம், யார் மகன், ஒன்றும் கேட்கவில்லை. அவன்பாட்டுக்குத் தின்றான், போனான். பொன்ராஜுக்கு அது என்னவோபோல் இருந்தது.

ஆட்டோக்காரனிடம் ஆனந்தி கன்னடம் பேசினாள். வழி கேட்ட கிழவியிடம் இந்தி. போனில் மலையாளம். எஸ்டேட்டில் சூப்பர்வைசர் அவள் பெயரைக் கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை.

"ஆஸ்பத்திரில எனக்கு இதாம்ப்பா வேலை. வாரவங்க எந்தப் பாஷை பேசுதாங்களோ அதுல வழி சொல்லணும்."

"ஊருக்கெல்லாம் வழி சொல்லுத. அங்க உன் ஆத்தா வழி தெரியாம நிக்கா."

கொஞ்ச தூரம் போன பிறகு ஆனந்தி சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துல மலையாளத்துப் பிள்ளைங்க என்னையத் தமிழ்ப் பாண்டின்னு கூப்பிட்டாங்க. தேனிக்குப் போனா மலையாளத்துக்காரின்னாங்க. இங்க எங்க மேல் வீடு பீகார். எதிர் வீடு மணிப்பூர். கூடத் தங்கியிருக்க டின்டு கோட்டயம். எல்லாருமே வந்தவங்கதாம்ப்பா. அதனால என்னைய வந்தவள்னு ஒருத்தரும் சொல்றதில்ல."

"ம்."

"வேலை விட்டு வெளிய வந்தா ரோடு நிறையச் சனம். அதுக்குள்ள நானும் ஒருத்தியா நடந்து போவேன் பாருங்க... வீடே வர வேண்டாம்னு இருக்கும்."

பொன்ராஜுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் எரிச்சல்.

"உங்கம்மா அழுதுக்கிட்டே கிடக்கா," என்றார்.

பொய். பூமாரி அழவில்லை, கத்தத்தான் செய்தாள்.

"வயசான காலத்துல அவளக் கூட்டிக்கிட்டு எங்க போயி நிப்பேன், சொல்லு."

அது வேலை செய்தது. ஆனந்தி பெட்டியை எடுத்தாள். டின்டு கட்டிப்பிடித்து அழுதாள். இவள் அழவில்லை. அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

சாயங்காலம் பஸ் நிலையம். தூறல். அவர் பெட்டியைப் பஸ் படியில் ஏற்றி வைத்தார். மகள் பஸ் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீக?"

"பஸ் ஏறப் போறோம். பிள்ளையக் கூட்டிட்டுத்தான் வாரேன்."

"வர வேண்டாம்."

"ஏட்டி, என்ன சொல்லுத?"

"காலையிலயே சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டேன். வீடு வேற ஆளுக்கு ஆயிருச்சு. மாசம் முடியிற வரைக்கும் பிலோமி வீட்டுல ஒண்டிக்கிடுதேன். அப்புறம் நானும் அங்க வந்துருதேன்."

"உனக்கென்ன கிறுக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"நீங்க இருந்தா குடுக்க விடுவீகளா? வாசல்ல குறுக்க நிப்பீக. அதான் உங்கள அங்க அனுப்பிவிட்டேன்."

அவளே தொடர்ந்தாள்.

"கொழுந்துக் கூடையத் தூக்குன அன்னைக்கு, உனக்கு இது பிடிச்சிருக்கான்னு என்னைய ஒருத்தரும் கேக்கல. எம்மகளுக்காவது ஒண்ணு பிடிச்சிருக்கே, இருந்துட்டுப் போட்டும். பைக்கு அடியில பாருங்க."

வைத்துவிட்டாள்.

பொன்ராஜ் அங்கேயே குந்தி உட்கார்ந்து பையைக் கிளறினார். அவருக்கென்று இருந்த சட்டை, வேட்டி அத்தனையும் வந்திருந்தன. அடியில், பூமாரியின் பழைய சேலையில் சுற்றிய முருகன் படம். லயத்துச் சுவரில் தொங்கிய படம். வீட்டைக் காலி செய்கிறவர்கள்தான் அதைக் கழற்றுவார்கள்.

ஆனந்தி பதறினாள்.

"அப்பா, சாமி படத்த யாரு எடுத்து வச்சா?"

அவர் எழுந்தார். பஸ் படியில் இருந்த அவள் பெட்டியைத் தூக்கிக் கீழே இறக்கினார். என்றைக்கும் வாயில் வராத பெயர் அன்றைக்கு வந்தது.

"பூமாரி."