சத்தமாச் சொல்லுங்க டாக்டர்

"பாப்பா பல்லை ஒரு டாக்டருகிட்டக் காட்டிரலாம். அப்புறந்தான் மூணாவது ஓலை."

போன்ல இவ்வளவுதான் சொன்னாங்க மாப்பிள்ளையோட அம்மா ராஜமேரி. பொண்ணைப் பெத்த இன்னாசிக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

மாதா கோயில்ல மூணு ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை ரெண்டு ஞாயிறு வாசிச்சாச்சு. அருள்பிரகாஷுக்கும் பிளசிக்கும் கல்யாணம், தடை இருந்தாச் சொல்லுங்கன்னு சாமியார் ரெண்டு தரம் கேட்டாச்சு. மூணாவது ஓலை நின்னு போனா ஊரு வாய் சும்மா இருக்குமா?

பிளசி வாயைத் தொறந்து பேசிப் பழகின புள்ளை இல்லை. ஏரியூர்ப் பக்கத்து போர்வெல் தண்ணி குடிச்சு வளர்ந்தவ. முன்பல்லெல்லாம் காவி பூசின மாதிரி பழுப்பு. சிரிப்பு வந்தா கை தானா வாய்க்குப் போயிரும்.

தர்மபுரி பல் ஆஸ்பத்திரியில ராஜமேரி முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாங்க. பக்கத்துல அவங்க வூட்டுக்காரரோட அக்கா ரோசம்மாள். அந்த வூட்டுல ரோசம்மாள் வெச்சதுதான் சட்டம்.

"வா பாப்பா"ன்னு ராஜமேரி சிரிச்சாங்க. வரிசையா, வெள்ளைவெளேர்னு பல்லு. இப்படிப் பல்லு வாய்ச்சவங்களுக்கு நம்ம வேதனை எங்கே தெரியப் போவுதுன்னு பிளசி நினைச்சுக்கிட்டா.

"வூட்டுக்குப் போயிரலாம்ப்பா"ன்னு அப்பன் காதோட காதாச் சொன்னா.

மூணு நாற்காலி தள்ளியிருந்த ரோசம்மாள் சட்டுனு திரும்பினாங்க. "எங்கே போறது? வந்தது வந்தாச்சு, காட்டிட்டே போ."

இன்னாசி வெளியிலயே நின்னுக்கிட்டார். பொம்பளைங்க மூணு பேரும் உள்ளே போனாங்க.

டாக்டரம்மா லைட்டைத் திருப்பி, பிளசி வாயைப் பார்த்து முடிக்கலை. அதுக்குள்ள ராஜமேரி ஆரம்பிச்சுட்டாங்க.

"இது பல்லு விளக்காததால வந்ததுங்களா?"

"இல்லைம்மா. நல்லாத்தான் விளக்கியிருக்கா. ஒரு சொத்தைகூட..."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க டாக்டர். எங்க அண்ணிக்குக் காது மந்தம்."

"யாருக்குடி மந்தம்?"னு ரோசம்மாள் சீறுறதுக்குள்ள டாக்டரம்மா அவங்க பக்கம் திரும்பி, செவிடருக்குச் சொல்ற மாதிரி கத்த ஆரம்பிச்சுட்டாங்க.

"ஒரு சொத்தைகூட இல்லை! சின்ன வயசுல, ஈறுக்குள்ள பல்லு உருவாகிறப்போ குடிச்ச தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி! அந்தக் கறைதான் இது!"

"பரம்பரை நோவுங்களா? நாளைக்கு இவளுக்குப் பொறக்கிற புள்ளைக்கும் வருங்களா?"

பிளசிக்கு அந்த நாற்காலியோட தரைக்குள்ள போயிட்டாத் தேவலைன்னு இருந்துச்சு.

"ரத்தத்துல வர்றதில்லைம்மா, தண்ணியில வர்றது! புள்ளைக்கு நல்ல தண்ணி குடுத்து வளர்த்தா, புள்ளை பல்லு வெள்ளையாத்தான் இருக்கும்!"

"கூட இருக்கிறவங்களுக்கு ஒட்டுங்களா?"

"ஒட்டாது!"

"சுத்தம் பண்ணினாப் போயிருங்களா? சுத்தம் பண்ணினா பல்லு ஆடிப்போகும்ங்கறாங்களே?"

"சுத்தம் பண்றதால ஆடாது! ஆனா இந்தக் கறை பல்லோடயே ஊறினது, அதுல போகாது! மேலாப்புல பல்லு நிறத்துலயே மெல்லிசா ஒரு பூச்சு வைக்கலாம். அதுவும் இந்தப் பொண்ணு ஆசைப்பட்டாத்தான்!"

ரோசம்மாளுக்குப் பொறுமை போயிருச்சு.

"பூச்சும் வேண்டாம், கீச்சும் வேண்டாம். எல்லாத்தையும் புடுங்கிட்டு வெள்ளையாக் கட்டிட்டா வேலை முடிஞ்சுது!"

பிளசிக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு.

ராஜமேரி குரல் மட்டும் மெதுவா வந்துச்சு. "புடுங்கலாங்களா டாக்டர்?"

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துருச்சு. "நல்லா இருக்கிற பல்லை யாராச்சும் புடுங்குவாங்களா? புடுங்கினா எலும்பு கரையும், வாய் உள்ளே ஒட்டிப்போகும். சாகுற வரைக்கும் கழட்டி மாட்டிட்டுக் கிடக்கணும். இது நோவே இல்லைம்மா!"

"இன்னொரு வாட்டி சொல்லுங்க டாக்டர். சத்தமா."

"இது நோவே இல்லை! புடுங்கக்கூடாது!"

ரோசம்மாள் பையைத் தூக்கி அக்குள்ல இடுக்கிக்கிட்டாங்க. "கேக்குது, கேக்குது. ஊருக்கே கேக்குது. ஞாயித்துக்கெழமை ஓலை வாசிக்கச் சொல்லு"ன்னு முனகிட்டே வெளியே போயிட்டாங்க. டாக்டரம்மாவும் அடுத்த ரூமுக்குப் போனாங்க.

பிளசி கண்ணைத் துடைச்சுக்கிட்டா. பொறந்ததுல இருந்து இல்லாத தைரியம் அன்னிக்கு வந்துச்சு.

"ஏங்க அத்தை, என்னை உட்கார வெச்சுக்கிட்டே இத்தனை கேள்வி கேட்டு அசிங்கப்படுத்தணுமா? அவங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்குது?"

"பாம்புக் காது. எனக்குத் தெரியாதா?"

ராஜமேரி கதவு சாத்தியிருக்கான்னு ஒரு தரம் பார்த்தாங்க. முந்தானையை வாயோரம் கொண்டுபோய், மேல்வரிசைப் பல்லு மொத்தத்தையும் கழட்டி உள்ளங்கையில வெச்சாங்க. மேலுதடு உள்ளே போயி, ஒரே நிமிஷத்துல பத்து வயசு கூடிப்போச்சு அவங்களுக்கு.

பிளசி வாயைப் பிளந்தா; கை வாய்க்குப் போக மறந்து அப்படியே நின்னுச்சு.

பல்லில்லாத வாயால ராஜமேரி மெதுவாச் சொன்னாங்க:

"நானும் உங்க பக்கத்துத் தண்ணி குடிச்சவதான் கண்ணு. எனக்கு ரெண்டாவது ஓலை வாசிச்ச வாரம், இதே அண்ணிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க... அன்னிக்கு எனக்காக ஒரு கேள்வி கேக்க ஆளில்லை."